மரண வீட்டில் நான் சொன்ன முடிவு

நல்ல நாவல் ஒன்றை வாசித்து முடித்தவருக்கு ஒரு வியாதி வரும். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் சோறு இறங்காது. சிலருக்கு இரண்டு நாளில் தெளிந்துவிடும். எனக்குத் தெளியவே இல்லை. வீட்டில் கேட்க ஆளில்லாமல் போனபோதுதான் வலைப்பூ தொடங்கினேன்.

அதில் ‘என்னைப் பற்றி’ என்று ஒரு பக்கம் இருந்தது. “செவ்வியல் இலக்கியத்தின் தீராக் காதலி. மழை, தேநீர், பழுத்த தாள்களின் மணம் இவை போதும் எனக்கு” என்று எழுதியிருந்தேன். (தேநீர் போட்டுத் தந்தது அம்மா. மழை கண்டியில் இலவசம்.) புகைப்படத்தில் கன்னத்தில் கைவைத்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு. அது படத்தில் வராதபடி எடுப்பதற்குத் தம்பி பட்ட பாடு தனி.

இன்று அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: “எந்தப் புத்தகத்தின் முடிவையும் நான் சொல்லமாட்டேன்.” வாசகர்கள் அதை ஒரு கொள்கை என்று நினைக்கிறார்கள். அது ஒரு மரண வீட்டில் நான் பட்ட சூடு.

அந்த நாவலின் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. பழைய மொழிபெயர்ப்பு. கண்டி டவுனில் பழைய புத்தகம் விற்கும் கடையொன்றில், அட்டை போய், முதல் சில பக்கங்களும் போய்க் கிடந்தது. யாரோ குளிர் தேசத்துக்காரர் எழுதியது. அக்கா தங்கை இருவர். தகப்பன் இல்லை. கையில் இருக்கிற காசுக்கு ஒருத்திதான் கப்பலேறலாம். தங்கையை முதலில் அனுப்பிவிட்டு, அக்கா மீன் கிடங்கில் உப்புப் போட்டுக் காசு சேர்க்கிறாள். மொழிபெயர்த்தவர் அக்காவைக் கடைசிவரை ‘பெரியவள்’ என்றே எழுதியிருந்தார். அந்தப் பெரியவள் தங்கையிடம் போய்ச் சேருவாளா என்பதுதான் முழுக் கதையும். தலையணை அளவு கதை.

அதை நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும். யாருடைய முழங்கையோ என் விலாவில் இருக்கும். என்றாலும் எனக்கு வியர்க்காது. நான் மீன் கிடங்கில் விறைத்துக்கொண்டு நிற்பேன். என் வாழ்நாளில் பனியையே பார்த்ததில்லை. எங்கேயோ எப்போதோ எழுதப்பட்ட ஒருத்தி எனக்கு எப்படி இவ்வளவு சொந்தமானாள் என்று அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. பழைய நாவல்களை நான் விடாமல் வாசிப்பதற்குக் காரணம் அதுதான். மணத்துக்காக இல்லை. (பழுத்த தாளின் மணம் எனக்குத் தும்மலைத்தான் தரும்.)

அந்த நாவலைப் பற்றி வலைப்பூவில் வரிசையாக எழுதினேன். முடிவைப் பற்றி எழுதுமுன்பே புத்தகத்தை ராஜலிங்கம் மாமா கேட்டு வாங்கிப் போனார்.

மாமா அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு மேலே, படிகள் ஏறிப் போகும் தெருவில் குடியிருந்தார். சர்க்கரை வியாதியால் அத்தைக்குக் கண் மங்கி எழுத்து தெரியாமல் போயிருந்தது. இரண்டு மகள்கள். சின்னவள் மாலினி ஆசிரியை, பெற்றோருடனேயே இருந்தாள். பெரியவள் சுகந்தி அக்கா டோஹாவில் வேலை செய்தாள். வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘பெரியவ’ என்றுதான் சொல்வார்கள்.

இந்த இடத்திலேயே வாசகர்களுக்கு ஏதோ உறைத்திருக்கும். எனக்கு மட்டும் அன்று ஒன்றுமே உறைக்கவில்லை.

மாமா புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. வழியில் காணும்போதெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கிறேன் என்பார். எனக்கு உள்ளூரப் பெருமை. இரண்டாம் முறை வாசிக்கிறார் போலும், என் எழுத்துதான் ஒரு மனிதரை இப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி இருக்கும்போது ஒருநாள் காலை, மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார்.

சுகந்தி அக்காவுக்கு டிக்கெட் கிடைக்கத் தாமதமானது. அவள் வந்து முகம் பார்த்த பிறகுதான் பிரேதம் எடுப்பது என்று முடிவாகியது. படிக்கட்டு நெடுகிலும் வெள்ளைக் கொடி, தெருவில் கூடாரம், பிளாஸ்டிக் கதிரைகள், பலாமரத்தில் ஒரு ஒலிபெருக்கி. அத்தை மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை, பேசவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோதும் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அழ வையுங்கள், அழ வையுங்கள் என்று கிழவிகள் குசுகுசுத்தார்கள்.

எடுக்கிற அன்று மத்தியானம் மாலினி என்னிடம் வந்தாள். அப்பா கடைசியாக வாசித்த புத்தகம் என்னுடையதுதான், அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசு என்றாள். மறுப்பதுதான் மனிதப் பண்பு. நானோ சரி என்று தலையாட்டும் முன்பே மனதுக்குள் முதல் பந்தியை முடித்துவிட்டேன். வலைப்பூ தொடங்கியதிலிருந்து எனக்கு ஒரு மேடை தேவைப்பட்டுக்கொண்டிருந்தது. இறந்தவருக்காக அழவேண்டிய நேரத்தில் “காத்திருத்தல்” என்று தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோயில் சபைச் செயலாளர் என்னை அறிமுகப்படுத்தினார். அவருக்கு வலைப்பூ என்றால் என்னவென்று தம்பி அவசரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தான். “அடுத்ததாக, அன்னாரின் மருமகள் முறையான, இணையத்தில் பிளக் போட்டு வரும் செல்வி சுபா” என்றார். முன்வரிசையில் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மரண வீட்டில் மின்சார வேலைக்காரப் பெண்ணைப் பேச விடுகிறார்களே என்று நினைத்திருக்கலாம்.

முன் விறாந்தையில், மாமாவுக்கு அருகிலேயே நின்றுகொண்டு பேசினேன். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மாமாவின் பொறுமையைச் சொன்னேன். அவர் வாசித்த நாவலைச் சொன்னேன். குரல் தழுதழுத்தது; தழுதழுப்பது எனக்கே கேட்டது; கேட்டதும் இன்னும் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன். பிறகு உச்சக்கட்டத்துக்கு வந்தேன்.

“தங்கை துறைமுகத்தில் காத்துக்கொண்டே இருப்பாள். ஆனால் பெரியவள் வந்து சேரமாட்டாள். வரும் வழியிலேயே அவள் உயிர் போயிருக்கும்.”

கொஞ்சம் இடைவெளி விட்டேன். பேச்சாளர்கள் அப்படி விடுவார்கள் என்று பார்த்திருக்கிறேன்.

அந்த இடைவெளியில் அத்தை தலையைத் தூக்கினார். அத்தனை நேரமும் வாய் திறக்காதவர், நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டார்.

“பெரியவ செத்துப் போயிட்டாளா?”

ஒலிவாங்கி என் கையில், அத்தையின் முகத்துக்கு நேரே இருந்தது. பலாமரம் அதைத் தெரு முழுக்கச் சொன்னது.

வெளியே கூடாரத்தில் இருந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நாவல், துறைமுகம், குளிர் தேசம் ஒன்றும் அவர்கள் காதில் ஏறவில்லை. ஏறியது இவ்வளவுதான்: பெரியவள் வந்து சேரமாட்டாள். வரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு பெற்ற தாயின் குரல். சுகந்தி அக்கா கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வேனில் வந்துகொண்டிருக்கிறாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

முதலில் எழுந்தவர் குண்டசாலைச் சின்னம்மா, அத்தையின் தங்கை. “ஐயோ, எம் புள்ளையையும் கொண்டு போயிட்டியே” என்று மார்பில் அடித்துக்கொண்டு படியேறி வந்தார். அவருக்குப் பின்னால் கூடாரமே எழுந்து வந்தது. யாரோ சுகந்தி அக்காவின் தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தார்கள். அது அணைந்திருந்தது. இன்னொருவர் எடுத்தார். அப்போதும் அணைந்திருந்தது. வேன் சாரதியின் நம்பர் ஒருவரிடமும் இல்லை. அணைந்த தொலைபேசியைப் போல ஒரு செய்தியை உறுதிப்படுத்த வேறொன்றாலும் முடியாது. நுவரெலியாவில் இருந்த ஒரு சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் இரண்டாவது கண்ணீர் அஞ்சலியைப் போட்டுவிட்டார். பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து.

நான் ஒலிவாங்கியில் “இல்லை, அது கதையில்” என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் செயலாளர் அதை என் கையிலிருந்து பிடுங்கி, எல்லோரும் அமைதியாக இருக்குமாறும், துயரம் இரட்டிப்பாகிவிட்ட குடும்பத்துக்கு வழிவிடுமாறும் கேட்டுக்கொண்டார். மாலினி என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

ஒருவருக்காவது உண்மையைச் சொல்லியாகவேண்டும் என்று அத்தையின் காலடியில் போய் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அத்தை, அது நம்ம பெரியவ இல்ல அத்தை. கதையில வர்ற பெரியவ.”

“நானும் கதையிலதான் கேக்குறேன்” என்றார் அத்தை. “அவரு கடைசியா வாசிச்ச அன்னைக்கு வரைக்கும் அவளுக்கு வெறும் இருமல்தானே இருந்துச்சு. நாங்க இன்னும் அந்த எடத்துக்கு வரல.”

அத்தை சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. மாமா இரண்டாம் முறை வாசிக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அத்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். பெரியவள் போய்ச் சேருவாள் என்று அத்தை, சந்தேகம்தான் என்று மாமா, இருவருக்கும் பந்தயம். முடிவை முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்றும் பேச்சு. முடிவு தெரியாமலேயே மாமா போய்விட்டார். தெரியாதிருந்த மற்றவருக்கு நான் அவருடைய பெட்டியருகிலேயே நின்று, குரல் தழுதழுக்க, ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிவிட்டேன்.

வேறு எவரும் இதைக் கேட்கவில்லை. சுற்றிலும் அத்தனை ஒப்பாரி.

அந்த ஒப்பாரியின் நடுவில்தான் வேன் வந்து நின்றது. பிலிமத்தலாவையில் நெரிசலில் மாட்டிக்கொண்டதாம். சுகந்தி அக்கா தோள்பையுடன் இறங்கி, “அப்பா” என்று அழுதுகொண்டு படியேறி வந்தாள். வர வர அழுகைச் சத்தம் குறைந்துகொண்டே போனது. கடைசிப் படிக்கு அவள் வந்தபோது ஊரே வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தது. தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு வரும் பிள்ளையை எந்த ஊரும் அப்படி வரவேற்றிருக்காது. குண்டசாலைச் சின்னம்மா கிட்டப் போய் அவளுடைய கன்னத்தைத் தொட்டார். பிறகு, தொட்டது போதாமல், கிள்ளிப் பார்த்தார்.

“என்னா சின்னம்மா? போன்ல சார்ஜ் முடிஞ்சுருச்சு. அதுக்கா எல்லாரும் இப்புடிப் பாக்குறீங்க?”

மாலினி ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு, நீ செத்துவிட்டதாக சுபா சொன்னாள் என்றாள். சுகந்தி அக்கா அவளுடைய தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது அத்தை சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது. எல்லோரும் அழுகை என்றுதான் நினைத்தார்கள். பிறகு சத்தம் வந்தது. மாமாவின் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, “கேட்டீங்களா, பெரியவ வந்துட்டா, கேட்டீங்களா” என்று அவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. மாறியபோது சுகந்தி அக்காவும் மாலினியும் இரண்டு பக்கமும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கிழவிகள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அம்மா என்னைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், இனி நீ வாயைத் திறக்காதே, தேத்தண்ணி ஊற்று என்றார். பிரேதம் போகும்வரை ஊற்றினேன். கோப்பையை வாங்கியவர்களெல்லாம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள்.

அதன் பிறகு மேல் தெருவுக்குப் போவதையே விட்டுவிட்டேன். வலைப்பூவிலும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் பலாமரம் பேசும். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு அத்தை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அத்தை முன் விறாந்தையில் இருந்தார், மடியில் புத்தகம். மாமா நிறுத்திய இடத்தில் மருந்து மட்டை ஒன்று செருகியிருந்தது.

“மாலினிக்கு இஸ்கூல் வேலை. நீதான் வாசிக்கணும்” என்றார்.

முடிவுதான் தெரிந்துவிட்டதே என்று இழுத்தேன். நீ பிழையாக வாசித்திருப்பாய், பஸ்ஸுக்குள் வாசித்தவள்தானே என்றார். அதில் உறுதியாகவே இருந்தார்.

வேலை விட்டு வரும் வழியில் பின்னேரங்களில் போய் வாசித்தேன். சத்தமாக வாசிக்கும்போது அது வேறு புத்தகமாக இருந்தது. நான் பஸ்ஸில் தாவிப் போன வர்ணனைகளை அத்தை தாவ விடமாட்டார். பெரியவள் இருமினால் உடனே நிறுத்தச் சொல்வார். இது மழைக் குளிருக்கு வர்ற இருமல், ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பிறகு மேலே வாசி என்பார். அந்தக் கிடங்கு முதலாளியைத் திட்டுவார். சில இடங்களில், மாமா இதை எப்படி வாசித்திருப்பார் என்று அத்தை சொல்லிக் காட்டுவார். முடிவு தெரிந்தவள் நான். அத்தை நம்புவதைக் கேட்டுக் கேட்டு, ஒருவேளை நான்தான் பிழையோ என்று எனக்கே ஆசை வரத் தொடங்கியது.

ஒரு பின்னேரம் பெரியவள் கப்பலேறினாள். ஏணியில் நின்று திரும்பிப் பார்த்து, கரையில் தனக்கென்று ஒருவருமில்லாதபோதும் கையசைத்தாள். அத்தியாயம் முடிந்தது. இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்.

“போதும், வை” என்றார் அத்தை.

நான் பக்கத்தைப் புரட்டியபடி அவரைப் பார்த்தேன்.

“ஏறிட்டாள்ல. போதும். அவரும் கேக்கல, நான் மட்டும் கேட்டு என்னா செய்ய?”

மருந்து மட்டையை அந்த இடத்தில் வைத்து மூடினேன். புத்தகம் அத்தையின் அலுமாரிக்குள் போனது. திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆண்டுத் திவசத்துக்கு சுகந்தி அக்கா வந்தாள். என்னைக் கண்டதும் முதல் வார்த்தை, நான் எப்படிச் செத்தேன் என்று பார்க்கவேண்டும், அந்தப் புத்தகத்தைக் காட்டு என்பதுதான். எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாடு முடிந்து வீடு ஓய்ந்த நேரத்தில் அவள் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். வெகுநேரம் சத்தமில்லை. நாங்கள் குசினியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தோம். அத்தை தூணோரம் முக்காலியில் இருந்தார்.

சுகந்தி அக்கா வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அத்தைக்கு அது தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்தது.

“கடைசி அத்தியாயத்த முழுசா வாசிச்சிட்டேன்மா” என்றாள். “பெரியவ சாகல. சுகமாப் போய்ச் சேந்துட்டா. சுபாதான் என்னத்தையோ மாத்திச் சொல்லியிருக்கா.”

அத்தை என் பக்கம் திரும்பினார். சுகந்தி அக்காவும் என்னைப் பார்த்தாள்.

“ஆமா அத்தை” என்றேன். “வேற கதையோட கலந்துட்டேன்.”

“நான் அப்பவே சொன்னேன்ல” என்றார் அத்தை. அவர் முகம் மலர்ந்ததை அதற்கு முன்பு எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை. அன்று மாலை வந்து போன அத்தனை உறவுக்காரரிடமும் அதைச் சொன்னார். அடுத்த வாரம் குண்டசாலைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். அவர் சொல்லும்போது கதை இன்னும் நன்றாக இருக்கும். மாமாவிடமும் படத்துக்கு முன்னால் நின்று, பந்தயத்தில் தான்தான் வென்றதாகச் சொன்னாராம். மாலினி சொன்னாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என்னைப் புது உறவுக்காரருக்கு இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்கள்: “இவதான் சுபா. புத்தகம் புத்தகமா வாசிப்பா. தனக்கு ரொம்பப் பிடிச்ச நாவலோட முடிவு மட்டும் தெரியாது.” எல்லோரும் சிரிப்பார்கள். டோஹாவிலிருந்து வந்திருந்தால் சுகந்தி அக்காதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டு, ஆமாம், எனக்குத் தெரியாது என்பேன்.